குறிப்புப் பெட்டியில் எதை எழுத விடலாம்? பொது கோஹாவில் நான்கு வழிகள்

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "சார், ஓபேக் முகப்பு பூரா கோணலா நிக்குது. தேடுற பெட்டியே அடியில போயிடுச்சு." பேசியவர் எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு கல்லூரியின் உதவி நூலகர். எங்கள் கல்லூரிகள் கோஹா என்ற நூலக மென்பொருளைச் சேர்ந்து நடத்துகின்றன, வாசகர் நூல் தேடும் அதன் இணையப் பக்கம்தான் ஓபேக். அரை மணி நேரத்துக்குள் இன்னும் மூன்று கல்லூரிகளிலிருந்து அதே புகார். சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. வேறொரு கல்லூரியில் ஒருவர் சனிக்கிழமை மாலை விடுமுறை அறிவிப்பு போட்டிருந்தார். எங்கிருந்தோ ஓர் அழகான கட்டத்தை அப்படியே எடுத்து ஒட்டியதில், இணையப் பக்கத்தை அமைக்கும் ஹெச்.டி.எம்.எல் மொழியின் மூடும் குறி ஒன்று கூடுதலாக வந்துவிட்டது. எந்த நூலகத்துக்கு என்ற இடத்தில் "எல்லா நூலகங்களும்" என்று தேர்வு செய்திருந்தார். ஏழு கல்லூரிகளின் முகப்பும் சாய்ந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டி எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்படி இருந்தது, அவர் போட்டார். எந்தப் பெட்டி எதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் உட்கார்ந்து முடிவு செய்யவே இல்லை. இப்போது செய்கிறோம். அந்த முடிவுக்காக நான் எழுதி வைத்த ஒப்பீடுதான் இது. கோஹாவைப் பல நூலகங்கள் சேர்ந்து நடத்தும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

கோஹா 1999இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதத் தொடங்கப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. பெயர் மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருள்படும். இன்று அதில் எழுத்தைக் கொட்டக்கூடிய பெட்டிகள் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நூலின் சுருக்கம், உள்ளடக்கம். ஒவ்வொரு பிரதிக்கும் வாசகர் பார்க்கும் குறிப்பு ஒன்று, ஊழியர் மட்டும் பார்க்கும் குறிப்பு ஒன்று. மெம்பர் கணக்கில் சர்குலேஷன் குறிப்பு, ஓபேக் குறிப்பு, தனியே அனுப்பும் மெசேஜ். முகப்பில் செய்திகள். டியூ டேட் நினைவூட்டல்கள், இஷ்யூ ஸ்லிப். வாசகர் எழுதும் கருத்துகள். எல்லாமே திரையில் ஒரே மாதிரி செவ்வகம்தான். ஆனால் உள்ளே போடும் எழுத்து அப்புறம் எங்கெங்கே பயணம் போகிறது என்று பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி. என் வாதமும் அதுதான்: எழுதுபவர் திரையில் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்த எழுத்து போய்ச் சேரும் கடைசி இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

நமக்கு இருப்பவை நான்கு வழிகள்: வெறும் எழுத்து, முழு ஹெச்.டி.எம்.எல், வேர்டு போலப் பட்டன்களோடு வரும் எடிட்டர், மார்க்டவுன்.

வெறும் எழுத்தைப் பற்றி யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. தடித்த எழுத்து இல்லை, பட்டியல் இல்லை, லிங்க் இல்லை. "பக்கம் 112 முதல் 120 வரை கிழிந்துள்ளது, பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுத இவையெல்லாம் எதற்கு? பிரதிக் குறிப்பு, சர்குலேஷன் குறிப்பு இரண்டிலும் நாங்கள் பத்து வருடமாக எழுதியவற்றைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. குறை ஒன்று உண்டு, அது சின்னக் குறை இல்லை. மூன்று வரியாகப் பிரித்து எழுதினால் சில திரைகளில் மூன்று வரியாகவே வருகிறது, சிலவற்றில் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்கிறது. தேதி, பெயர், தொகை என்று வரிவரியாக எழுதிப் பழகியவருக்கு இது எரிச்சல். ஹெச்.டி.எம்.எல் குறி ஒன்றை நடுவில் நுழைக்கும் பழக்கம் எங்கள் ஊழியர்களிடம் இப்படித்தான் தொடங்கியது. வரி முறிவை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் காட்டியிருந்தால் பாதிப் பேருக்கு ஹெச்.டி.எம்.எல்லே தேவைப்பட்டிருக்காது.

முழு ஹெச்.டி.எம்.எல் நேர் எதிர். எதுவும் செய்யலாம். இஷ்யூ ஸ்லிப் வார்ப்புருவை நான் அதில்தான் எழுதுகிறேன், வேறு எதிலும் எழுத மாட்டேன். தெர்மல் பேப்பரின் அகலத்துக்கு அட்டவணையைச் சுருக்கி, டியூ டேட்டைப் பெரிதாக்கி, பார்கோடுக்குக் கீழே கோடு போட்டு, எல்லாம் கைக்குள் அடங்குகிறது. ஆனால் அந்த வார்ப்புருவைத் தொடுபவர்கள் எங்களில் இரண்டே பேர். மாற்றினால் சோதனை சர்வரில் ஒரு தடவை ஸ்லிப் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவோம். அதே உரிமையை முப்பது பேருக்குக் கொடுத்தால்தான் திங்கட்கிழமைக் காலைகள் வருகின்றன.

கோணலாகத் தெரிவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத ஆபத்து வேறு. பொது மென்பொருளில் ஒரு கல்லூரியின் தற்காலிக ஊழியர் எழுதுவதை, எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி தன் திரையில் திறக்கிறார். அந்தக் குறிப்புக்குள் ஒரு ஸ்கிரிப்ட் (பிரவுசரில் தானே ஓடும் சிறு நிரல்) ஒளிந்திருந்தால் அது நிர்வாகியின் அனுமதியோடு ஓடும். ஊழியர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை, அவருடைய பாஸ்வேர்டு யார் கையிலாவது கிடைத்தால் போதும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் நடந்தது நினைவிருக்கலாம். சாமி கம்கார் என்ற இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டை நுழைத்தார். அதைப் பார்த்தவர் பக்கத்திலும் அது தானே போய் ஒட்டிக்கொண்டது. ஒரே நாளில் பத்து லட்சம் கணக்குகளைத் தாண்டியது. இத்தனைக்கும் மைஸ்பேஸ் வடிகட்டாமல் விட்டிருக்கவில்லை. ஆபத்தான சொல்லை அது தேடித் தேடி நீக்கியது. அவர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதினார், வடிகட்டி ஏமாந்துவிட்டது. கெட்டதைப் பட்டியல் போட்டுத் தடுப்பது நிற்காது, நல்லதைப் பட்டியல் போட்டு அதை மட்டும் விட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. கோஹாவில் வாசகர் கருத்துப் பகுதி அப்படித்தான் வேலை செய்கிறது. வரி முறிவு, தடிப்பு, சாய்வு போல ஏழெட்டுக் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிடுகிறது. முன்பின் தெரியாத வாசகருக்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டை ஊழியர் பெட்டிகளுக்கும் வைப்பது அவமரியாதை ஆகாது.

"அப்போ பட்டன் வைத்த எடிட்டரைக் கொடுத்துவிடலாமே" என்பது கூட்டத்தில் முதலில் எழுந்த குரல். நியாயமான குரல்தான். கோஹாவின் செய்திப் பகுதியில் டைனி எம்.சி.இ எடிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டாம், ஹெச்.டி.எம்.எல்லாகவே எழுதுகிறேன் என்பவருக்கு கோட்மிரர் உண்டு. எது வேண்டும் என்று சிஸ்டம் பிரிஃபரன்ஸில் தேர்வு செய்துகொள்ளலாம். டைனி எம்.சி.இ குறிகளைத் தானே சரிப்படுத்திவிடும் என்பதால் எங்கள் திங்கட்கிழமை விபத்து அதில் பெரும்பாலும் நடந்திருக்காது. புதிதாக வந்தவருக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆனால் நம் அலுவலகங்களில் யாரும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. வேர்டில் அடித்து ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது எழுத்துரு, அளவு, நிறம், வரி இடைவெளி எல்லாம் கூடவே வந்து இறங்குகின்றன. பத்து வார்த்தை அறிவிப்புக்குப் பின்னால் ஒரு பக்க அளவுக்குக் குறிகள். அதையாவது சகித்துக்கொள்ளலாம். தமிழில் நமக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைச் சகித்துக்கொள்ள முடியாது.

யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு பழகிய கைகள் இன்னும் அதில்தான் வேகமாக ஓடுகின்றன. பாமினியில் அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டுகிறது. இந்த உரையை வெறும் எழுத்துப் பெட்டியில் ஒட்டினால் முகமூடி உடனே கழன்று விழும். ஆங்கிலக் கிறுக்கலைப் பார்த்த ஊழியர் "அய்யோ" என்று அழித்துவிட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருவார். எழுத்துருவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் எடிட்டரில் ஒட்டினால் முகமூடியும் சேர்ந்தே சேமிக்கப்படும். அவர் கம்ப்யூட்டரில் பாமினி இருப்பதால் அவருக்கு அழகான தமிழ் தெரியும். பக்கத்து மேஜையிலும் தெரியும். மாணவர் கைபேசியில் மட்டும் கிறுக்கல். எங்கள் பழைய செய்திகளில் ஒன்று இப்படி நாலு மாதம் கிடந்தது. ஒட்டியவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஒரு மாணவி கைபேசியைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் இந்த எடிட்டரைக் கொடுப்பதென்றால் ஒரு நிபந்தனையோடு கொடுக்கலாம்: ஒட்டுவது எல்லாம் வெறும் எழுத்தாகவே இறங்க வேண்டும். டைனி எம்.சி.இயில் அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது, எந்தக் குறிகளை ஏற்கலாம் என்று வரையறுக்கும் இடமும் இருக்கிறது. ஆனால் எடிட்டரில் பட்டனை மறைப்பது மட்டும் காவல் ஆகாது. எடிட்டர் ஓடுவது எழுதுபவரின் பிரவுசரில், அதைத் தாண்டிக்கொண்டு போவது பெரிய வித்தை இல்லை. சர்வர் பக்கமும் வடிகட்ட வேண்டும்.

சாய்வெழுத்துப் பட்டனை நான் எடுத்துவிடச் சொல்வேன். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரைந்த சாய்வு வடிவம் இல்லை, பிரவுசர் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. படிக்கக் கண் வலிக்கும். அடிக்கோடும் வேண்டாம். கு, மூ, ஞ போன்றவற்றின் கீழ்ப்பகுதியைக் கோடு வெட்டிக்கொண்டு போகும். தடிப்பு, பட்டியல், லிங்க், பத்தி, இந்த நான்கு போதும்.

எங்கள் கணினித் துறை நண்பர்களுக்கு மார்க்டவுன்மேல் ஆசை. 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட முறை, ஆரன் ஸ்வார்ட்ஸும் அதற்கு உதவினார். நட்சத்திரக் குறிக்குள் போட்டால் தடிப்பு, கோடு போட்டுத் தொடங்கினால் பட்டியல். மாற்றாமல் அப்படியே காட்டினாலும் படிக்க முடியும், அதுதான் அதன் பெரிய பலம். சேமிப்பில் குப்பை சேராது. எந்த மொழிக்கும் இது நல்ல யோசனை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன், தமிழில் எழுதிப் பார்க்கும் வரை.

நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பிறகு இடைவெளி வந்துவிடும், நமக்கு வராது. **'தமிழ்ப் பிரிவு'**க்கு மாற்றப்பட்டது என்று எழுதிப் பாருங்கள். 2014இல் வந்த காமன்மார்க் என்ற மார்க்டவுன் வரையறையின்படி, மூடும் நட்சத்திரங்களுக்கு முன்னால் மேற்கோள் குறியும் பின்னால் இடைவெளி இல்லாமல் ஓர் எழுத்தும் இருந்தால் அது மூடுவதாகவே எடுத்துக்கொள்ளப்படாது. நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாகவே திரையில் நிற்கும். மேற்கோளை எடுத்துவிட்டால் வேலை செய்யும். மேற்கோள் இல்லாமலே நட்சத்திரத்துக்குப் பதில் அடிக்கோட்டுக் குறி போட்டு _தமிழ்ப் பிரிவு_க்கு என்றால் அதுவும் மூடாது, ஏனென்றால் சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டை அது கணக்கில் எடுப்பதில்லை. இதையெல்லாம் இஷ்யூ கவுன்டரில் வரிசை நிற்கும்போது ஓர் ஊழியர் நினைவில் வைத்திருக்க வேண்டுமா?

இன்னொன்று, நூலகத்துக்கே உரிய சிக்கல். "1957. முதல் பதிப்பு" என்று ஒரு வரியைத் தொடங்கினால் மார்க்டவுனுக்கு அது பட்டியலின் எண். சில மென்பொருள் 1957 என்றே காட்டும், சில 1 என்று மாற்றிவிடும். பதிப்பாண்டு காணாமல் போவது ஒரு நூலகத்தில் சாதாரண விஷயமா? ஒரே ஒரு முறை என்டர் தட்டினால் வரி முறியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. நாங்கள் ஓட்டும் பதிப்பில் குறிப்புப் பெட்டிகளுக்கு மார்க்டவுன் இல்லை, வேண்டுமானால் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். கோஹா மே மாதமும் நவம்பர் மாதமும் புதிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொரு முறையும் நம் ஒட்டுவேலையைத் திரும்பப் பொருத்திப் பார்க்க வேண்டும். இருக்கிற ஆள்பலத்துக்கு அது ஆகாது.

இப்போது கேட்லாக் ரெக்கார்டுக்கு வருகிறேன். இங்கேதான் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நூல் விவரங்களைப் பதிந்து பரிமாற நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் வடிவத்தின் 520ஆம் ஃபீல்டில் சுருக்கம், 505இல் உள்ளடக்கம். இவற்றில் ஹெச்.டி.எம்.எல் குறி போட்டு வைத்திருக்கும் ரெக்கார்டுகள் எங்களிடம் நிறைய. அந்தக் குறிகள் ஓபேக்கில் பல இடங்களில் கோண அடைப்புக்குறியோடு அப்படியே பல்லிளிக்கின்றன. தேடல் அட்டவணையிலும் குறியின் பெயர் ஒரு சொல்லாக ஏறிக்கொள்கிறது. அந்த ரெக்கார்டை இசட்39.50 என்ற பரிமாற்ற நெறிமுறை வழியாக இன்னொரு நூலகம் எடுத்துக்கொண்டால் நம் குப்பை அவர்கள் வீட்டுக்கும் போகிறது.

கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். மார்க் 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம் தலைமையில் உருவானது. அதைப் பரிமாறும் ஐ.எஸ்.ஓ 2709 வடிவத்தில் ஒரு ஃபீல்டின் நீளத்தை எழுத நான்கு இலக்கங்களுக்குத்தான் இடம். ஆக 9,999 பைட்டுக்கு மேல் ஒரு ஃபீல்டு போக முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு யூ.டி.எஃப்-8இல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். "தமிழ்" என்ற மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறியீடு, பதினைந்து பைட். இந்த வேகத்தில் சில நூறு சொல்லிலேயே எல்லையைத் தொட்டுவிடுவோம். இதன் மேல் குறிகளையும் ஏற்றினால்? சில பழைய எடிட்டர்கள் "த" என்ற எழுத்தை த என்று மாற்றிச் சேமிக்கும். மூன்று பைட் ஏழாகிவிடும். கோஹா உள்ளே எக்ஸ்.எம்.எல்லாகச் சேமிப்பதால் நமக்கு அன்றாடம் எதுவும் தெரியாது. என்றைக்காவது மொத்த ரெக்கார்டுகளையும் வேறு இடத்துக்கு அனுப்பும்போதுதான் இது முட்டும், அன்றைக்கு எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

உள்ளடக்கத்தைப் பட்டியலாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. சிறுகதைத் தொகுப்பில் ஒவ்வொரு கதையும் தனி வரியில் தெரிந்தால் வாசகருக்கு நல்லதுதானே. அதற்கு மார்க்கிலேயே வழி இருக்கிறது. 505இல் தலைப்பை டி சப்ஃபீல்டிலும், எழுதியவரை ஆர் சப்ஃபீல்டிலும் பிரித்துப் போடலாம். அப்படிப் போட்டால் இது தலைப்பு, இது ஆசிரியர் என்று மென்பொருளுக்கே தெரியும். எப்படிக் காட்டுவது என்பதை ஓபேக்கின் வார்ப்புருவில் ஒரே இடத்தில் சொன்னால் எல்லா நூலுக்கும் பொருந்தும், நாளைக்கு மனம் மாறினால் அந்த ஓரிடத்தை மாற்றினால் போதும். தட்டச்சு வேலை கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருபது கதைக்கு இருபது முறை சப்ஃபீல்டு திறக்க வேண்டும். ஆனாலும் கதையின் பெயரை வைத்துத் தேடி வரும் மாணவருக்கு அந்த உழைப்பு போய்ச் சேருகிறது.

எஸ்.எம்.எஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடு, நீண்டால் துண்டுக்கு 67. இந்தியாவில் வார்ப்புருவை முன்கூட்டியே டி.எல்.டி என்ற தொலைத்தொடர்புப் பதிவுத் தளத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அங்கே தடிப்புக்கும் பட்டியலுக்கும் வேலையே இல்லை. கோஹாவில் ஒரே நினைவூட்டலுக்கு ஈமெயில், எஸ்.எம்.எஸ், அச்சு என்று தனித்தனிப் பகுதி இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டாமல் இருந்தால் சரி.

கூட்டத்தில் நான் வைத்திருக்கும் முன்மொழிவு இது. கேட்லாக், பிரதிக் குறிப்பு, மெம்பர் குறிப்பு மூன்றிலும் வெறும் எழுத்து, ஆனால் வரி முறிவு எல்லாத் திரையிலும் காக்கப்பட வேண்டும், அந்தத் திருத்தத்துக்கு நாங்கள் பணம் ஒதுக்க வேண்டும். முகப்புச் செய்திக்கு நான்கு பட்டன் எடிட்டர், ஒட்டினால் வெறும் எழுத்து. ஒவ்வொரு கல்லூரியும் தன் கிளைக்கு மட்டும் போடலாம், எல்லா நூலகங்களுக்குமான அறிவிப்பை ஒருங்கிணைப்பாளர் போடுவார். ஸ்லிப், நினைவூட்டல் வார்ப்புருக்களில் முழு ஹெச்.டி.எம்.எல், இரண்டு பேர் கையில் மட்டும். மார்க்டவுன் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு கல்லூரி இன்னும் தயங்குகிறது. அவர்களுடைய நூலகர் மெம்பர் குறிப்புகளில் சிவப்பு எழுத்தைப் பயன்படுத்தி, பாக்கி வைத்திருப்பவர்களைக் கவுன்டரில் சட்டென்று கண்டுபிடிக்கிறார். அவருக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. கணக்கில் தடை போடும் வசதியும், தனிப் பண்புக்கூறு ஒன்றைச் சேர்த்து அதில் குறித்து வைக்கும் வசதியும் கோஹாவில் இருப்பதை அடுத்த வாரம் அவருடைய கவுன்டரிலேயே உட்கார்ந்து காட்டப் போகிறேன். சிவப்பு எழுத்தைவிட அது வேகமாக இருந்தால்தான் அவர் மாறுவார், மாறச் சொல்லவும் எனக்கு அப்போதுதான் உரிமை.

அதற்குள் பழையதைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டோம். கோண அடைப்புக்குறி உள்ள எல்லாக் குறிப்புகளையும் எடுக்கும் எஸ்.க்யூ.எல் ரிப்போர்ட் ஒன்று எழுதியாகிவிட்டது. நேற்று மாலை முதல் ஐம்பது வரிசைகளைக் கையாலேயே திருத்தினேன், அதில் ஒன்பது பாமினி.